பலி கொடுத்த குதிரை

கறுப்புக் காய் கிடைத்தால் எனக்கு எப்போதும் பெட்ரோஃப் தற்காப்புதான். உலான்பாத்தர் சதுரங்க மன்றத்துப் பாவிகள் அதைத் தூக்க மாத்திரை என்பார்கள். நேற்று எதிரே வெள்ளைக் காயோடு உட்கார்ந்த மியாக்மர் நாலாவது நகர்த்தலிலேயே என் ராஜாவை ஒட்டியிருந்த சிப்பாயை வெட்டி, குதிரையைப் பலி கொடுத்தான்.

"அடேயப்பா, என்னா தைரியம்டா!" என்று எங்கள் மேஜையைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது.

ராஜாவாலேயே குதிரையை வெட்டினேன். வந்த அடியையெல்லாம் வாங்கிக்கொண்டு, கடைசியில் ஜெயித்தேன்.

கூட்டம் மியாக்மரைக் கட்டிப்பிடித்தது. உப்புத் தேநீரும் அவனுக்குத்தான். படம் எடுக்க வந்தவர், "கொஞ்சம் தள்ளுங்க, போர்டு மறைக்குது" என்று என்னை விரட்டினார்.

தோற்றவன் என் தோளைத் தட்டினான்.

"மனசு விட்றாதீங்கண்ணே. நீங்களும் ஒருநாள் இப்படி ஆடுவீங்க."