குளத்துக்கு இரண்டு முறை மருந்து

கல்லூரித் தோட்டக்காரியும், அதே கல்லூரியில் தண்ணீர் மோட்டார் பார்த்துக்கொள்ளும் அவள் புருஷனும் பேச்சை நிறுத்தி நான்கு நாள் ஆகியிருந்தது. அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், மகளை வெளியூர் ஹாஸ்டலில் சேர்க்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றார் மனுஷர். "உன்கிட்ட கேட்டா அழுவே" என்று நியாயம் வேறு. அதற்குமேல் அவரிடம் என்ன பேசுவது? எல்லாம் மகள் வழியாகத்தான் நடந்தது. "உங்கப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "உங்கம்மாகிட்ட குடை எங்கேன்னு கேளு." ஞாயிற்றுக்கிழமை மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, "இனிமே நான் யாருக்கும் தூது போகமாட்டேன்" என்று எழுந்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது.

மறுநாள் கல்லூரிக் குளத்துக்கு மருந்து போடும் நாள். பாசி பிடிக்காமல் இருக்க மாதம் ஒருமுறை ஒரு பொட்டலம் மயில் துத்தத்தைத் துணியில் முடிந்து, கழியில் தொங்கவிட்டு, தண்ணீருக்குள் இழுத்தபடி கரையைச் சுற்றி வரவேண்டும்; அளவு கூடினால் விஷம். இருவரில் யார் முந்துகிறாரோ அவர் போட்டுவிட்டு மற்றவரிடம் "ஆச்சு" என்பார். எழுதி வைக்கிற வழக்கமெல்லாம் கிடையாது. புருஷன் பெண்டாட்டிக்குள் என்னத்தை எழுதி வைப்பது?

ஏழு மணிக்கு அவள் போட்டு முடித்தாள். எட்டரைக்கு மறுபடி ஷெட்டுக்குப் போய் மருந்துப் பெட்டியைத் திறந்தவள் பொட்டலங்களை எண்ணிப் பார்த்தாள். சனிக்கிழமை மூன்று பொட்டலம் இருந்தது. காலையில் அவள் கைக்கு அகப்பட்டதை எடுத்தாளே தவிர, உள்ளே பார்க்கவில்லை. இப்போது ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் அவரும் ஒன்று போட்டிருக்கவேண்டும்.

வெள்ளிக்கிழமைதான் குளத்து வாத்துகளில் ஒன்று தன் ஒன்பது குஞ்சுகளைத் தண்ணீரில் இறக்கியிருந்தது. பெரிய வாத்துகளாவது தாக்குப்பிடிக்கும். இந்தப் பொடிசுகள் என்ன செய்யும்? அவள் ஓடிப் போய்ப் பார்த்தபோது, கழியை இழுத்த கரையோரமாகவே எல்லாம் தலையைக் குப்புறக் கவிழ்த்துத் தண்ணீரை அலசிக்கொண்டிருந்தன. கரைக்கு அழைக்கத் தவிட்டுக் கிண்ணத்தை ஆட்டினாள். பிடிக்க வந்துவிட்டாள் என்று தாய் குஞ்சுகளை நடுக்குளத்துக்கு ஓட்டிக்கொண்டு போனது. கெட்டிக்காரத்தனத்தை எங்கே காட்டுகிறது பார்! பழைய தண்ணீரை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விட்டாலொழிய வழியில்லை. மோட்டார் ரூம் சாவி அவரிடம்.

சைக்கிளில் போன வாட்ச்மேனை நிறுத்தினாள். "தம்பி, குளத்துக்கு உடனே தண்ணி திறந்துவிடணுமாம்னு மோட்டார் ரூம்ல சொல்லிடு."

"குளம்தான் நிறைஞ்சு கிடக்கேக்கா. எதுக்கு?"

"சொல்லு, போதும்."

காரணத்தைச் சொல்ல நா எழவில்லை. சொன்னால், "பெட்டியைப் பாக்க மாட்டியா? அவசரக்குடுக்கை" என்பார். அந்த வீம்பில் கால் மணி நேரம் கரையிலேயே நின்றாள்.

வாட்ச்மேன் திரும்பி வந்தான். "சாயங்காலம்தான் போடுவாராம்க்கா. அவசரம்னா உங்களையே வந்து சொல்லச் சொல்றார்."

வந்து சொல்லணுமாம். அவளுக்குச் சுருக்கென்றது. போவதா வேண்டாமா என்று இன்னும் கொஞ்ச நேரம் நின்றாள். அப்போது ஒரு குஞ்சு கூட்டத்தை விட்டு விலகி, கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அதே இடத்தில் சுற்ற ஆரம்பித்தது. வீம்பும் ஆச்சு மானமும் ஆச்சு என்று எடுத்தாள் ஓட்டம்.

மோட்டார் ரூமில் அவர் பைப் வால்வுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்.

"காலையில மருந்து போட்டீங்களா?"

"அஞ்சரைக்கே போட்டேனே."

"நானும் போட்டுட்டேன்."

பேயறைந்தது போல ஆனார் மனுஷர். மோட்டாரைப் போட்டார், மடையைத் திறந்தார், செருப்போடு குளத்துக்குள் இறங்கினார். அவள் வலையோடு இன்னொரு பக்கம் இறங்கினாள். பத்தரை மணிக்கு வாத்துகள் அத்தனையும் ஷெட்டுக்குள், நல்ல தண்ணீர் வைத்த தொட்டிகளோடு இருந்தன. குஞ்சுகள் எட்டு. ஒன்பதாவதை அவர் கோரைப்புல் பக்கத்திலிருந்து உள்ளங்கையில் எடுத்துவந்தார். அது அசையவில்லை. மற்ற எட்டும் ராத்திரியைத் தாண்டுமா என்று யாருக்குத் தெரியும்?

இருவரும் நனைந்த துணியோடு ஷெட் வாசலில் உட்கார்ந்தார்கள். உள்ளே தாய் கத்திக்கொண்டே இருந்தது.

"மருந்து போட்டுட்டு வீட்டுக்கு வந்து, நீ வேலைக்குக் கிளம்பறப்போ 'ஆச்சு'ன்னு சொல்ல வந்தேன்" என்றார். "நீ திரும்பிப் பாக்கலே."

'சாயங்காலம்தான்' என்றவர் அவர்தானே என்று பழியை அவர் பக்கமே தள்ளியிருக்கலாம். அவளால் முடியவில்லை. "வாட்ச்மேன்கிட்ட காரணத்தைச் சொல்லி அனுப்பியிருக்கணும். வேணும்னுதான் சொல்லலே."

அவர் தரையைப் பார்த்தார். "அக்கா முகமே சரியில்லைன்னு அவன் சொன்னான். ஏதோ ஆபத்துன்னு எனக்குப் புரிஞ்சுது. ஆனாலும் நீயா வரட்டும்னு உக்காந்திருந்தேன்."

தனக்குக் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. பயம்தான் வந்தது.

"அடுத்த மாசம் அவ போயிடுவா" என்றாள். "அப்புறம் வீட்டுல நாம ரெண்டு பேர்தான். அதை நினைச்சுத்தாங்க அவளை அனுப்ப எனக்கு மனசு வரலே."