இடது பக்கம் ஓடுகிறவள்

1

இந்தக் கதை என் முழங்கால் வலியால் கிடைத்தது. பிசியோதெரபி அறையில் காலில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண் குப்புறப் படுத்திருந்தாள். ஹாக்கிக்காரி. பத்து வருஷத்துக்கு மேல் நாட்டுக்காக ஆடியவள். இடுப்புப் பிடிப்பு. அவள் காலை நீவிக்கொண்டிருந்த பிசியோ அம்மா சிரித்தாள்.

“கார்னர்ல முதல் ஆளா ஓடுறவ கால் மாதிரியா இருக்கு? ஒரு தழும்பு இல்ல. பந்து உன்னப் பாத்து பயந்து ஒதுங்குதா?”

“ஒதுங்கல. வேற ஆள் மேல படுது,” என்றாள் அவள்.

அதோடு விட்டிருக்கலாம். நான்தான் மெதுவாக அவள் வாயைக் கிளறினேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘மைதானத்தின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு காலை…’ (வேண்டாம். அவள் வாழ்க்கையில் பனிக்கு வேலை இல்லை.) பிறகு: ‘அக்கா செத்ததால்தான் தங்கைக்கு இடம் கிடைத்தது.’ உண்மைதான். ஆனாலும் கல்நெஞ்சுக்காரி எழுதியது போலிருந்தது. அதை அடித்தேன். அடித்த பிறகும் அதுதான் உண்மை.

(ஹாக்கி தெரியாதவர்களுக்கு ஓரமாக ஒன்று. பெனால்டி கார்னர் வந்தால், கோலைக் காக்கிற அணியில் கோல்கீப்பரும் இன்னும் நான்கு பேரும் கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். எதிரணிக்காரி ஓரத்திலிருந்து பந்தை உள்ளே தள்ளிவிட்டதும் பாய்ந்து வெளியே வருவார்கள். முதல் ஆளின் வேலை, அடிக்கப் போகிறவளின் மட்டையைப் பார்த்து நேராக ஓடுவது. அதற்காக முகக்கவசங்கள் கோல் வலைக்குள் கிடக்கும். மாட்டிக்கொண்டு ஓடிவிட்டு, முடிந்ததும் கழற்றி உள்ளே வீசிவிடுவார்கள்.)

அப்போது அணியில் அவளுடைய அக்காதான் முதல் ஆள். பயிற்சிதானே என்று ஒரு நாள் கவசம் போடாமல் ஓடினாள். பந்து நெற்றிப்பொட்டில் பட்டது. அந்த மாதமே வெளிநாட்டில் போட்டி. கோச் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று, தங்கையிடம், “நீ ஓடுறியாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

3

முதல் சர்வதேச ஆட்டம், முதல் கார்னர். தங்கை வலைக்குள்ளிருந்து கவசத்தை எடுத்து முகத்தில் வைத்தாள். உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. மூச்சின் ஈரம். யாரோ இப்போதுதான் கழற்றியது போல.

ஓடினாள். இடது காதோரம் இன்னொரு ஜோடிக் கால்கள் ஓடின. பந்து சீறி வந்தது. சதையில் படுகிற சத்தம், பல்லைக் கடித்து அடக்கிய ஒரு முனகல். திரும்பினால் ஆளில்லை. ஈரத் தரையில் பந்து மட்டும் அசையாமல் கிடந்தது. அவள் மட்டைதான் தடுத்தது என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அதன்பின் விமானங்கள், விடுதி அறைகள், பதக்கங்கள், கையில் கேப்டன் பட்டை. பயமறியாதவள் என்று செய்தித்தாள்கள் எழுதின. ஊர்தான் மாறிக்கொண்டே இருந்தது, அந்தச் சத்தம் மாறவில்லை.

(இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. துக்கம் பிடித்தவள் காதில் எதுதான் கேட்காது? இவளை நம்பலாமா? கேட்டேவிட்டேன். அவள் கோபப்படவில்லை. சுவர் என்று பட்டப்பெயர் வாங்கிய கோல்கீப்பர் ஒரு தரம் திட்டியதைச் சொன்னாள். “ஏண்டி, உனக்கு இடது பக்கம் எவள நிக்க வெச்ச? எனக்குப் பந்தே தெரியல. கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு.” நாலு பேர்தானே நின்னோம் என்று இவள் சொல்ல, சுவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாளாம்.)

4

“எனக்கு பயமே இல்லன்றாங்க. எனக்கு எதுக்கும்மா பயம்? அடி வாங்குறது அவ. செத்தும் வாங்குறா.”

அடுத்த வாரம் அவளுக்குக் கடைசி ஆட்டம். கார்னர் வந்ததும் கவசத்தை எடுக்கப் போவதில்லை, இடது பக்கமாகச் சாய்ந்து ஓடி அந்த அடியைத் தானே வாங்கிக்கொள்ளப் போகிறாள். அப்போதாவது அக்கா ஓடுவதை நிறுத்துவாளாம்.

வேண்டாம்மா என்றேன்.

“அப்போ அவளையே இன்னொரு தடவ வாங்கச் சொல்றீங்களா?”

என் காலில் வெந்நீர்ப் பை ஆறிப்போயிருந்தது.

5

இதை எழுதும்போது அந்த ஆட்டம் இன்னும் நடக்கவில்லை. அதனால் முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

வழக்கம்போல் நேராக ஓடுகிறாள், இடது பக்கம் அந்தச் சத்தம். இதை எழுதி முற்றுப்புள்ளி வைத்தபோது என் நாற்காலிக்கு இடது பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

இன்னொன்று: கவசம் இல்லாமல் இடது பக்கம் சாய்கிறாள், பந்து எழும்பி அவள் நெற்றி… (இந்த வாக்கியத்தை நான் முடிக்க மாட்டேன்.)

மூன்றாவது, கார்னரே வராத ஒரு ஆட்டம். எழுதினேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை.

அப்போதுதான் உறைத்தது. மூன்றாம் பகுதியை எத்தனை முறை திருத்தியிருப்பேன். சத்தம் சரியாக வரவேண்டும் என்று அந்த ஒரு வரியை மட்டும் எத்தனை முறை அடித்து எழுதினேன். ஒவ்வொரு முறையும் செத்துப்போன அந்தப் பிள்ளை ஓடிவந்து அடி வாங்கியிருக்கிறாள். நீங்கள் படித்தபோது இன்னொரு முறை.

6

ஆகவே இங்கேயே நிறுத்துகிறேன். கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் குனிந்து நிற்கிறார்கள். வலைக்குள் ஒரு கவசம் யாரும் தொடாமல் கிடக்கிறது, உள்ளே இன்னும் சூடு. ஓரத்தில் நிற்கிறவள் பந்தின் மேல் மட்டையை வைத்துவிட்டாள். தள்ளச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

தள்ள வேண்டுமென்றால் நீங்கள் தள்ளுங்கள், கண்ணுகளா. அது யார் மேல் பட வேண்டும் என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முடியாதென்றால் அவர்களை அப்படியே நிற்கவிட்டு எழுந்து போய்விடுங்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். இதைத் திரும்ப முதலிலிருந்து படிக்காதீர்கள். மூன்றாம் பகுதி வந்தால் அவள் மறுபடியும் ஓட வேண்டியிருக்கும்.