தட்டிப் பார்க்காத ஃபில்டர்

பதினெட்டுப் பேருக்கு மஞ்சள்காமாலை. அத்தனை பேரும் என் அண்ணன் பால்சாமி சூப்பர்வைசராக இருக்கிற பீங்கான் பட்டறை ஆட்கள். அண்ணன் சும்மா இருப்பாரா? வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அமுதவள்ளியைப் பிடித்துக்கொண்டார். "அவ வடைதான் காரணம்" என்று ஆள் சேர்த்துக் கடையைச் சாத்தியே விட்டார். இரண்டு பெண்பிள்ளைகளோடு அந்தக் கடையை நம்பிக் கிடப்பவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் சுகாதார நர்ஸ். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்று நோட்டோடு கிளம்பினேன்.

நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. இந்தக் காமாலை உடம்புக்குள் புகுந்து வெளியே தெரிய ஒரு மாதம்கூட ஆகும். போன மாதம் எங்கே சாப்பிட்டீர்கள், எந்தத் தண்ணீர் குடித்தீர்கள் என்றுதான் கேட்டேன். அடுத்து, நோய் வராதவர்களைத் தேடிப் போனேன்.

"நல்லா இருக்கறவன்கிட்ட என்னா கேள்வி? புத்தி கெட்டுப்போச்சா நான்சி?" என்றார் அண்ணன்.

"இவங்க எதத் தொடலன்னு தெரிஞ்சாதான் அவங்க எதால படுத்தாங்கன்னு தெரியும். நீ கொஞ்சம் சும்மா இரு."

சூளை அடுக்குகிற பதினொரு பேரில் ஒருவருக்கும் காமாலை இல்லை. தினமும் அமுதவள்ளி வடையைத் தின்றவர்கள்தான். தண்ணீர் மட்டும் வீட்டு பாட்டில். படுத்த பதினெட்டுப் பேரும் குடித்தது பட்டறைக் கொட்டகையில் வைத்திருக்கும் ஃபில்டர் தண்ணீர். அதில் ஏழு பேர் வடைப் பக்கமே போகாதவர்கள்.

ஃபில்டரைத் திறந்தேன். தண்ணீரை வடிகட்டும் கேண்டில் பட்டறையிலேயே சுட்டது. கீறல் விழுந்து விற்க ஆகாததை, மேலே களிமண் கரைசல் பூசி மாட்டியிருந்தார்கள். தண்ணீர் வரும் தொட்டியோ கக்கூஸ் குழியை ஒட்டி இருந்தது. வெளியே போகிற ஒவ்வொரு கப்பையும் விரலால் தட்டி, கீறல் இருக்கிறதா என்று சத்தம் கேட்டுத்தான் அண்ணன் அனுப்புவார். நம்ம கைச்சரக்குதானே என்று இதை மட்டும் விட்டுவிட்டார்.

கேண்டிலைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். "தட்டிப் பாருண்ணே."

"எல்லாரும் பாக்கறாங்க நான்சி."

"பாக்கட்டும். அவ கடைய மூடுனப்பவும் எல்லாரும்தான பாத்தாங்க?"

தட்டினார். ணங்கென்று வரவேண்டியது டொக்கென்று வந்தது. அந்தச் சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று கொட்டகையில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஃபில்டரை மூட்டை கட்டச் சொன்னார். இனி கொதிக்கவைத்த தண்ணீர்தான் என்றார். பிறகு நேராகப் போய் டீக்கடையை அடைத்திருந்த பலகையைத் தானே கழற்றினார்.

"தப்பு என்னோடதும்மா. ஒரு டீ போடு" என்றார், தலையைத் தூக்காமல்.

அமுதவள்ளி அடுப்பைப் பற்றவைத்தாள். கிளாஸைக் கழுவியவள், டீ ஊற்றாமல் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"மொதல்ல தட்டிப் பாத்துக்குங்க சூப்பர்வைசரே."