எலுமிச்சம்பழம் வைத்த டாங்கி

கஜபதி ஓய்வுபெற்ற வருஷம், ஆயுத பூஜைக்கு மறுநாள் விடியற்காலையில், வெள்ளானூரில் அவர் வீட்டு வாசலில் நாற்பது டன் டாங்கி ஒன்று வந்து நின்றது. ஆவடியிலிருந்து தானாகவே வந்திருந்தது. வந்த வழியில் ஒரு வாசல் கோலம்கூடக் கலையவில்லை. தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று தண்ணீர் லாரி வரும் நாள்.

காரணம் ரகசியமில்லை. பழைய டாங்கிகளை ஒதுக்கிவிட்டுப் புதுசு வாங்குவதென்று டில்லியில் முடிவெடுத்திருந்தார்கள். ஆவடிப் பட்டறையில் அந்த டாங்கியை இனி உதவாது என்று கண்டம் செய்து, புல் முளைத்த மூலையில் தள்ளினார்கள். அதன் எஞ்சினை முப்பது வருஷம் பார்த்துக்கொண்ட கஜபதிக்கும் அதே மாதம் மாலை போட்டு அனுப்பினார்கள். ஆயுத பூஜையன்று ஸ்பானருக்கும் சைக்கிளுக்கும் கேன்டீன் கிரைண்டருக்கும்கூடப் பொட்டு வைத்தவர்கள், கண்டமான வண்டிக்கு வைக்கவில்லை. ரோஷமுள்ள வண்டி, கிளம்பி வந்துவிட்டது.

கஜபதி சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். அடியில் எலுமிச்சம்பழம் மட்டும் வைக்கவில்லை. பழம் வைத்துவிட்டால் வண்டி அதை நசுக்கிக்கொண்டு முன்னால் போயாக வேண்டும், அது முறை. வீடு தேடி வந்ததைப் போகச் சொல்வானேன்?

அதன் முதுகில் அவர் மனைவி அனுசுயா வடகம் காயவைத்தாள். பீரங்கிக் குழாயில் கோழி முட்டையிட்டது. மழையில் தெரு முழங்கால் தண்ணீரில் நின்றபோது, டாங்கி ஓரடி எழும்பி நின்றுகொண்டது. அதன்மேல் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். மாலையில் கஜபதி பேப்பர் படித்துக் காட்டுவார். டில்லிக்காரர் யாராவது பழசை இளப்பமாகப் பேசியிருந்தால் டாங்கி கனைக்கும்.

நாலாம் வருஷம் டில்லி மனம் மாறியது. புதுசு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, பழசே இன்னும் பத்து வருஷம் உழைக்கட்டும் என்றார்கள். ஆயுத பூஜையன்று கிரேனோடும் பச்சை பெயின்ட்டோடும் ஓர் அதிகாரி வந்தார்.

"அப்ப நானு, சார்?" என்றார் கஜபதி.

"நீட்டிப்பு வண்டிக்குத்தான் பெரியவரே. ஆளுக்கு ஆர்டர் இல்ல."

கஜபதி தெருவையே பார்த்துச் சிரித்தார். "நான் இல்லாத இது ஓரடி நவுராது சார். வோணும்னா இஸ்துப் பாரு."

"நவுந்துட்ச்சின்னா மீசைய எட்த்துர்றியா அண்ணாத்தே?" என்றான் எதிர்வீட்டு ஆட்டோக்காரன் துலுக்கானம்.

"மீச இன்னாடா மீச, மொட்டயே அட்ச்சிக்கிறேன்!"

கிரேன் சங்கிலி அறுந்தது. பூசிய பச்சை பெயின்ட் வழிந்து சாக்கடைக்குப் போனது. அதிகாரி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "சரி, நல்ல நாளும் அதுவுமா பூஜைய முடிங்க பெரியவரே, நாங்க கிளம்பறோம்" என்றார்.

ஜெயித்த சந்தோஷத்தில் கஜபதியின் மனம் எங்கோ இருந்தது. கைகள் முப்பது வருஷப் பழக்கத்தில் போயின. பொட்டு, பூ, கற்பூரம், அப்புறம் தட்டிலிருந்த எலுமிச்சம்பழங்கள்.

"யோவ், அடியில இன்னாய்யா வச்ச!" என்று அனுசுயா கத்தினாள்.

அவர் குனிவதற்குள் பழம் நசுங்கியது. இந்த முறை கோலமும் கலைந்தது. "டேய், நான் இங்க கீறேன்டா!" என்று கஜபதி செருப்பில்லாமல் ஓடினார். டாங்கி திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனையில் ஒழுங்காக இண்டிகேட்டர் போட்டு, ஆவடிப் பக்கம் திரும்பிவிட்டது.

மறுநாள் கஜபதி மொட்டை அடித்துக்கொண்டார். கேலி பேச வந்த துலுக்கானம், தலையைப் பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

டாங்கி போனது, நிழல் போகவில்லை. குழாயோடு அப்படியே வாசலில் கிடக்கிறது. துலுக்கானம் வெயில் நேரத்தில் ஆட்டோவை அதில்தான் நிறுத்துகிறான். அனுசுயா வடகத்தை மாடிக்குக் கொண்டுபோகிறாள். ஆயுத பூஜையன்று கஜபதி வீட்டிலுள்ள சகலத்துக்கும், சொம்புக்குக்கூட, பொட்டு வைக்கிறார். நிழலுக்கு மட்டும் வைப்பதில்லை. ரோஷம் வந்து கிளம்பிப் போகட்டும் என்று பார்க்கிறார். அது இதுவரை நகரவில்லை.