வைக்கோல் அடைத்த பள்ளம்

விருந்தாளி வருமுன் வீட்டைக் கூட்டிப் பெருக்குவதுபோல, லியோட்டா மூன்று நாளாகப் பள்ளத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாள். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், அவள் பண்ணையின் தெற்குச் சரிவில் மழைநீர் அரித்த பள்ளம் அது. வைக்கோல் கட்டுகளை ஒவ்வொன்றாக உருட்டி இறக்கி, முளை அடித்து நிறுத்தினாள். அறுபத்திரண்டு வயது இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை.

போன வருடம் பள்ளத்தின் வாய்க்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நாற்பதடி இடைவெளி. இப்போது பதினெட்டு. மண் பாதுகாப்பு அலுவலகத்தின் நிதி கிடைத்தால் கல் தடுப்பணை கட்டலாம். இல்லையென்றால் கொட்டகை பள்ளத்துக்குள் இறங்கிவிடும். முப்பது கறவை மாடுகளை வேறெங்கும் கட்ட இடமில்லை.

செவ்வாய்க்கிழமை ஹியூஸ்பி அளவுகோலோடு வந்தான். மண் பாதுகாப்பு அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பள்ளத்தில் இறங்கி அளந்தான், படிவத்தில் குறித்தான், காபி குடித்தான், வேலை சுத்தமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனான்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. விண்ணப்பித்தவர்கள் ஐம்பத்திரண்டு பேர், நிதி பதினோரு பேருக்கு. மதிப்பெண் வரிசையில் லியோட்டா நாற்பத்தேழாவது. கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனாள்.

"வைக்கோலை ஏங்க அடைச்சீங்க?" என்றான் ஹியூஸ்பி.

"நீ வரேன்னுதான் தம்பி. பாக்க அசிங்கமா கிடந்துச்சு."

அவன் கணினித் திரையைப் பார்த்தபடியே பேசினான். "நான் வந்தப்ப அங்க மண்ணு ஓடல. ஓடாத மண்ணுக்கு மார்க் போட இந்தப் படிவத்துல இடமே இல்லீங்க."

முதலிடம் பக்கத்து நிலத்துக்கார மெர்லுக்கு. சரிவில் மேலிருந்து கீழாகவே உழுது சோளம் போடுகிறவன். அவன் பள்ளத்தில் ஒரு டிராக்டரையே நிறுத்தலாம். தீவனக் கடையில் பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

"நான் எதையும் தொடவே இல்ல லியோட்டா. சும்மா இருந்தா காசு குடுப்பாங்கன்னு தெரிஞ்சிருந்தா முப்பது வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சிருப்பேன்."

அடுத்த சுற்றுக்கு மறுபடி விண்ணப்பித்தாள். ஏப்ரலில் அளக்க வருவதாகப் பதில் வந்தது.

மார்ச்சில் பனி உருகத் தொடங்கிய காலை, முளைகளைப் பிடுங்கிவிட்டு, ஊறிக் கனத்த கட்டுகளைக் கொக்கி மாட்டி இழுத்தாள். கடைசிக் கட்டு வெளியே வந்ததும் பள்ளத்தில் தண்ணீர் வேகம் பிடித்தது. கரையிலிருந்து ஒரு பாளம் மண் சரிந்தது. லியோட்டா கொட்டகை வரை அளவு நாடாவைப் பிடித்தாள். பதினாறடி. கொட்டகைக்குள் மாடுகள் கத்தின.

இன்னொரு பாளம் விழுந்தது. விருந்தாளியை உள்ளே விடுகிறவள்போல அவள் ஓரமாக ஒதுங்கி நின்றாள்.