தாது வருஷத்துப் பிடிமண்

சேரம்பாடியில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு மேலே, தேயிலைக் காட்டு விளிம்பில் நட்டிருந்த கருப்பசாமிக் கல்லின் முன்னால் செல்லையா துண்டை ஏந்திக்கொண்டு நின்றார். துறையூர்ப் பக்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்த மனிதர். மருதாம்பாளின் செத்துப்போன புருஷனுக்கு மூத்த வழிப் பங்காளி. சிலோனிலிருந்து கப்பலில் வந்திறங்கிய புதிதில், இரண்டு பையன்களோடு அவள் அவர் வாசலில் போய் நின்றபோது, சிலோன்காரர்களுக்கு இங்கே என்ன பங்கு என்று கேட்டு, ஒரு செம்புத் தண்ணீரோடு அனுப்பிவைத்த அதே மகராசன்.

இப்போது அவருக்கு மண் வேண்டும். ஊரில் கருப்பன் சாமியாடி மேல் இறங்கி, கடல் தாண்டிப்போன என் பிடிமண் திரும்பி வராமல் கிடா ஏற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டானாம். திருவிழா நின்று கிடக்கிறதாம்.

பிடிமண் கதை மருதாம்பாளுக்கு அத்துப்படி. தாது வருஷப் பஞ்சத்தில் புருஷன் வீட்டு முன்னோரில் அண்ணன் தம்பி இருவர் பாகம் பிரித்தார்கள். பிரித்தார்கள் என்பது மரியாதைக்குச் சொல்வது. கிணறும் புஞ்சையும் மூத்தவருக்கே போயின. பங்கு கேட்டுத் துண்டேந்திய தம்பிக்குக் கோயில் வாசல் மண்ணில் ஒரு பிடி அள்ளிப் போட்டு, இந்தா உன் பங்கு என்றாராம். மண்ணோடு சாமியையும் கொடுத்துவிட்டோம் என்பது அந்தப் புத்திசாலிக்கு உறைக்கவில்லை. தம்பி அதைச் சிலோன் காப்பித் தோட்டத்தில் போட்டு, மேலே கல் நட்டுக் கும்பிட்டார். அங்கிருந்து ஒரு பிடியை மருதாம்பாள் முந்தானையில் முடிந்து எடுத்து வந்தாள். வழியில் சாமான் பாதி தொலைந்தது, மண் தொலையவில்லை. அதை இங்கே போட்டுத்தான் இந்தக் கல்லை நட்டாள்.

செல்லையா மேல் அவளுக்குக் கோபம் இல்லாமல் இல்லை. அதைவிடச் சந்தோஷம்தான் அதிகம். லயத்து ஒற்றை அறையில் வளரும் பையன்களுக்கு அந்தப் புஞ்சையில் பாதி வேண்டும். கேட்க வழி தெரியாமல் இருந்தாள். கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆகிவிட்டது.

குனிந்து கல்லடியில் ஒரு பிடி அள்ளினாள். செல்லையா துண்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். அவள் மண்ணைத் தன் முந்தானையில் போட்டு, இறுக்கி முடிந்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"நீ எதுக்கு அலையணும் தாயி? எங்கிட்டக் குடு."

"பயலுகளக் கூட்டிக்கிட்டு நானே கொண்டாறேன் மாமா. மண்ண எறக்குறதுக்கு முன்னாடி, புஞ்சையில எங்களுக்குப் பாதி உண்டுன்னு ஊரு முன்னால நீங்க சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி என்னா? கருப்பன் இங்கயும் நல்லாத்தான் இருக்கான்."

மலையில் தூறல் பிடித்தது. பையன்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே அவள் லயத்துக்கு இறங்கினாள். செல்லையா ஏந்திய துண்டை மடிக்காமல் கல்லின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். துண்டில் தூறல் விழுந்துகொண்டிருந்தது.