முட்டி மெத்தை

ஈரத்துணியால் எவ்வளவு தேய்த்தும் டீச்சரின் ஆள்காட்டி விரலில் இருந்த பசை போகவில்லை. காய்ந்து, தோலோடு தோலாக ஒட்டிக்கொண்டிருந்தது. தையல்காரர், அவள் புருஷன், துணியைக் கீழே வைத்துவிட்டு நகத்தால் மெல்லச் சுரண்டினார். ஒரு ஓரம் உரிந்து வந்தது. வலிக்குமோ என்று சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். வலிக்காது என்பது நினைவுக்கு வந்ததும் மறுபடி சுரண்டினார்.

"விடுங்க, போதும்" என்றாள் பெரியக்கா. டீச்சருடன் பிறந்தவள், மூத்தவள். காலையிலிருந்து கட்டிலின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. "முகத்துலயா ஒட்டியிருக்கு? கையை யார் பார்க்கப் போறாங்க?"

"பொண்ணு வந்ததும் கையைத்தான் பிடிப்பா" என்றார் அவர்.

மகள் வெளியூரில் இருந்தாள். வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை சுடுகாட்டு வண்டி வரவேண்டாம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். காத்துக் கிடக்கிற வீட்டில் ஜனங்களுக்கு வாய் சும்மா இருக்குமா? உள்ளே நுழைகிற ஒவ்வொருவருக்கும் பெரியக்கா ஆதியிலிருந்து ஆரம்பித்தாள்.

"ரிட்டயர் ஆகப்போற வயசு. மேஜை மேல நாற்காலியைப் போட்டு ஏறியிருக்கா. யாராவது செய்வாங்களா? அவளுக்கு எப்பவும் அந்த வகுப்புதான் உலகம். சொன்னா கேட்கிற ஜன்மமா அது? தானா ஏறினா, தானா விழுந்தா. யாரைக் குத்தம் சொல்ல?"

வந்தவர்களும் உச்சுக்கொட்டி, ஆமாம், இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்றார்கள். ஒருத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, குரங்கு வேலை என்றுகூடச் சொன்னார். தையல்காரரின் காதில் எல்லாம் விழுந்தது. இழவு வீட்டில் சண்டை போடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆனால் அந்தத் 'தானா' மட்டும் உள்ளே போய்க் குத்திக்கொண்டே இருந்தது.

ஏனென்றால் டீச்சர் ஏறுகிறவளே இல்லை. தவழ்கிறவள்.

ஒன்றாம் வகுப்பு டீச்சர் அவள். வேலைக்குச் சேர்ந்த வருஷத்திலிருந்து அந்த ஒரே அறைதான். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறப்பதற்கு முன்னால் அறையைத் தயார் செய்யும்போது, முட்டி போட்டபடியே அதைச் சுற்றி வருவாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில்தான் எழுத்துப் படம், எண் படம், மிருகப் படம் எல்லாம் ஒட்டுவாள். பை மாட்டுகிற கொக்கியும் அந்த உயரம்தான். கதவுத் தாழ்ப்பாளுக்குக் கீழே இன்னொரு தாழ்ப்பாள்கூடத் தச்சரை வைத்துப் போட்டிருந்தாள். "பெரியவங்க உயரத்துல ஒட்டினா சின்னதுங்களுக்கு என்ன தெரியும்? கழுத்துதான் வலிக்கும்" என்பாள்.

கழுத்து வலி பிள்ளைகளுக்கு வராமல், முட்டி வலி இவளுக்கு வந்தது. டாக்டர் முட்டி போடக் கூடாது என்றார். அவளா கேட்பாள்? அதனால் தையல்காரர் வெட்டி மிஞ்சிய துணியில் பஞ்சை அடைத்து, கட்டிக்கொள்ள நாடா வைத்து, முட்டிக்கு இரண்டு மெத்தை தைத்துக் கொடுக்க ஆரம்பித்தார். வருஷா வருஷம் புதுசு. திட்டிக்கொண்டேதான் தைப்பார். "பேரு டீச்சரு, பார்க்கிறது கைக்குழந்தை வேலை. ஊரான் பிள்ளைக்கு முட்டி தேயணும், புருஷனுக்கு ஒரு வாய் சோறு நேரத்துக்குக் கிடையாது." அந்த நாட்களில் அவள் வீட்டில் இருந்தாலும் வீட்டில் இருக்கமாட்டாள். சாப்பிடும்போது விரலில் காய்ந்த பசையை உரித்து உரித்துத் தட்டோரம் போடுவாள். அந்த அறையின் மேல் அவருக்குப் பொறாமை. வெளியே சொன்னால் வெட்கம், சொன்னதில்லை. இன்றைக்கு அது பொறாமையாக இல்லை, வெறுப்பாகவே இருந்தது. கடைசியில் அவளை முழுசாக வாங்கிக்கொண்டது அது.

மத்தியானம் தலைமையாசிரியர் வந்தார். கனத்த உடம்பு, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கட்டிலருகே நின்று கண்ணை மூடிக் கைகூப்பினார். பிறகு தையல்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கையே ஒடிஞ்ச மாதிரி இருக்குங்க. இப்படி ஒரு டீச்சர் இனி கிடைக்கமாட்டாங்க."

தையல்காரர் தலையை மட்டும் ஆட்டினார்.

"நான் எவ்வளவோ சொன்னேன். டீச்சர், மேல ஏறாதீங்க, பார்த்து செய்யுங்கன்னு. அவங்க சுறுசுறுப்பு யாருக்கு வரும்?"

"அப்படிச் சொல்லுங்க" என்றாள் பெரியக்கா, தன் கட்சிக்கு ஆள் சேர்ந்த தெம்பில். "நாங்களும் அதையேதான் சொல்லிட்டிருக்கோம்."

தையல்காரர் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்த்தார். தரையில் தவழ்கிறவளிடம் எதற்கு ஒருவர் மேலே ஏறாதே என்று சொல்லியிருக்க வேண்டும்? ஏறுகிற பேச்சு அங்கே எப்படி வந்தது?

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார். "இந்த நேரத்துல கேட்கக் கூடாதுதான். தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு ஸ்கூல் திறக்குது. அந்த ரூம் சாவி டீச்சர் பையிலதான் இருக்கு. ஆயா பூட்டிட்டுப் பையோட அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துட்டாளாம். இன்னொரு சாவி எங்க போச்சுன்னே தெரியல."

தையல்காரர் எழுந்து உள்ளே போய்ப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து வந்தார். தலைமையாசிரியர் கையை நீட்டினார். இவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வாங்க. நானே வந்து திறந்து விடறேன்."

"நீங்க எதுக்கு சிரமப்பட்டுக்கிட்டு..."

"பக்கத்துலதானே. பொண்ணு வர்றதுக்குள்ள வந்துடலாம்."

"பிணத்தைப் போட்டுட்டு எங்க கிளம்பிட்டீங்க?" என்று பெரியக்கா கத்தினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தலைமையாசிரியரின் ஸ்கூட்டரில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். அந்த அகலமான முதுகைப் பார்த்துக்கொண்டே போனார்.

பள்ளிக்கூடத்தில் ஆயா தாழ்வாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். இவரைக் கண்டதும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஆறுதல் சொல்லும் நிலையில் அவர் இல்லை. கதவைத் திறந்தார்.

சின்ன மேஜைகள், சின்ன நாற்காலிகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு புதுப் பென்சில். ஜன்னலுக்குக் கீழே கண்ணாடி, குட்டிகள் முகம் பார்க்கிற உயரத்தில். மூன்று சுவர்களில் படங்கள் எல்லாம் அவர் இடுப்புக்குக் கீழே வரிசையாக இருந்தன. நான்காவது சுவர், கரும்பலகை இருக்கிற சுவர், மட்டும் வேறு மாதிரி இருந்தது. பலகைக்கு இரண்டு பக்கமும் படங்கள் உத்தரத்தை ஒட்டிப் போயிருந்தன. கடைசிப் படம் ஒரு மூலையில் மட்டும் ஒட்டி, மீதி சுருண்டு தொங்கியது. யானைப் படம். கீழே, பழைய இடத்தில், சுவர் கட்டம் கட்டமாக வெளுத்திருந்தது. தையல் பிரித்த துணியில் பழைய மடிப்பு தெரியுமே, அப்படி. ஒட்டி முடித்ததைப் பிரித்து மேலே ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்ததும் அவருக்குத் தெரிந்துபோயிற்று.

முட்டி மெத்தைகள் அலமாரியின் மேல் இருந்தன. ஒன்றின் மேல் ஒன்றாக, நாடா சுற்றி. இனி வேலை இல்லை என்று எடுத்து வைத்த மாதிரி.

"இதை யார் மேல மாத்தச் சொன்னது?"

"அது வந்து... பொதுவா ஒரு அபிப்பிராயம்" என்றார் தலைமையாசிரியர். "நாளைக்கு மேலதிகாரி வர்றார். போட்டோ எடுப்பாங்க. பிள்ளைங்க முன்னால நின்னா படமெல்லாம் மறைஞ்சு போகுது, சுவரு காலியா தெரியுது. மத்த மூணு சுவர் எப்படியோ இருக்கட்டும், இந்த ஒரு சுவரை மட்டும் கொஞ்சம் தூக்கி ஒட்டுங்கன்னு... ஒரு யோசனையா சொன்னேன்."

"அவ ஒத்துக்கிட்டாளா?"

"கொஞ்சம் வாதாடினாங்க. அப்புறம் ஒத்துக்கிட்டாங்க. டீச்சர் என் பேச்சைத் தட்டமாட்டாங்க."

"ஏணி இல்லையா இங்க?"

"ஏணி இல்லாம என்ன? ஸ்டோர்ல இருக்கு. ஆனா ஸ்டோர் சாவி என்கிட்ட இருந்துச்சு. நான் நேத்து கொஞ்சம் வெளிய... ஒரு வீட்டுக் காரியம்." மென்று முழுங்கினார். "ஒரு போன் பண்ணியிருந்தா வந்து கொடுத்திருப்பேன்."

தையல்காரர் ஆயாவைப் பார்த்தார். "டீச்சர் ஏணி கேட்டாங்களாம்மா?"

ஆயா தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிறகு தன் துடைப்பத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் பின்பக்கம் இருந்தேன்."

அவள் பிழைப்பு இங்கேதான். அவருக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் செத்துப்போனவள் மேல் வந்தது. இவ்வளவு வருஷம் டாக்டர் பேச்சைக் கேட்காதவள், புருஷன் பேச்சைக் கேட்காதவள், போயும் போயும் இந்த ஆள் பேச்சைக் கேட்டாளே. ரிட்டயர் ஆகிற நேரத்தில் எதற்கு வம்பு என்று நினைத்திருப்பாள். தன்னிடம் கேட்டிருந்தால் தையல்காரரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். அவள் கேட்கவில்லை.

"ஏணியைக் கொண்டு வாங்க" என்றார்.

"இப்ப எதுக்குங்க?"

"கொண்டு வாங்க சார்."

தலைமையாசிரியரே போய் ஸ்டோரைத் திறந்தார். ஒரு முனையை ஆயா பிடிக்க, ஏணி வந்து சேர்ந்தது. கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிட்டது. இவ்வளவுதான் விஷயம். தையல்காரர் அந்த ஏணியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க."

"நானா?"

"பயப்படாதீங்க. ஏணி இது. நாற்காலி இல்லை."

தலைமையாசிரியர் ஏறினார். ஒவ்வொரு படிக்கும் ஏணி முனகியது. மேலே நின்று படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கீழே கொடுத்தார். தையல்காரர் முட்டி மெத்தைகளை எடுத்துக் கால்சட்டைக்கு மேலேயே கட்டிக்கொண்டு முட்டி போட்டார். பசை டப்பா மேஜையடியில் மூடி திறந்தபடி கிடந்தது. மேலே காய்ந்திருந்ததை விரலால் உடைத்து அடியில் இருந்ததை எடுத்தார். பழைய அடையாளத்திலேயே ஒவ்வொரு படத்தையும் ஒட்டினார். ஆயா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

முட்டி போட்டபடி அந்த அறையை அவர் இதுவரை பார்த்ததில்லை. நிற்கும்போது எதுவும் இல்லாத மாதிரி இருந்த அறை, இப்போது நாலாப் பக்கமும் நிறைந்திருந்தது. ஜன்னலுக்குக் கீழிருந்த கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. இவ்வளவு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் இங்கே வந்து பாருங்கள் என்று கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் என்ன சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியும்.

யானையை ஒட்டி முடித்ததும் தலைமையாசிரியர் மேலிருந்தே கேட்டார். "நாளைக்கு மேலதிகாரி வந்தா நான் என்ன சொல்றது?"

"குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க."

சொன்னாரே தவிர, தன் தலை மறைந்ததும், நாளைக் காலைக்குள் எல்லாம் மறுபடி மேலே போகும் என்று அவருக்குத் தெரியும். புது டீச்சர் வருவாள், இளம்பெண்ணாக இருப்பாள், சொன்னதைச் செய்வாள். இந்த முறை ஏணி இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். சாவியைக் கதவுக்குப் பக்கத்திலிருந்த பிள்ளைகளின் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

பின்னாலேயே வந்த தலைமையாசிரியர், குனிந்து அதை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரைக் கிளப்புவதற்கு முன்னால் தயங்கினார். "ஒரு வார்த்தை. ஏதோ நடந்தது நடந்துபோச்சு. வெளிய பெருசாக்கினா டீச்சர் பேருதான் கெடும். அவங்களா ஏறினதுன்னே இருக்கட்டும். எல்லாருக்கும் அதுதான் நல்லது."

தையல்காரர் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

வீட்டு வாசலில் மகளைக் கொண்டுவந்த கார் நின்றிருந்தது. உள்ளே அழுகை உச்சத்தில் இருந்து கொஞ்சம் தணிகிற நேரம். மகள் கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பசை ஒட்டிய விரலைத்தான் தடவிக்கொண்டிருந்தாள். பெரியக்கா அவள் தலையைத் தடவியபடி தன் பாட்டை மறுபடி தொடங்கியிருந்தாள்.

"யாரு சொல்லி என்னடி, தானா ஏறி..."

மகள் நிமிர்ந்தாள். முகம் வீங்கியிருந்தது. "எங்கப்பா போனீங்க?" என்றாள். பிறகு குரல் உடைந்து, "அம்மா எதுக்குப்பா மேல ஏறினாங்க? அவங்க ஏறவே மாட்டாங்களேப்பா."

தலைமையாசிரியர் செருப்பைக் கழற்றி வாசற்படியில் ஒரு காலை வைத்திருந்தார்.

"ஏறச் சொன்னாங்கம்மா" என்றார் தையல்காரர். "சார்தான் சொன்னாரு. ஏணியைப் பூட்டி வச்சிட்டு."

பெரியக்காவின் வாய் திறந்தபடியே நின்றது. எல்லாத் தலைகளும் வாசலுக்குத் திரும்பின. தலைமையாசிரியர் உள்ளே வைத்த காலை எடுக்கவும் முடியாமல், அடுத்த காலை வைக்கவும் முடியாமல் நின்றார்.

தையல்காரர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கட்டிலின் மறுபக்கம் போய், தரையில் முட்டி போட்டு, டீச்சரின் இன்னொரு கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். அவர் விரலில் இருந்த பசை இன்னும் முழுசாகக் காயவில்லை. மகள்தான் முதலில் அவர் கால்களைக் கவனித்தாள். கால்சட்டைக்கு மேல், பூப்போட்ட மிச்சத் துணியில் இரண்டு மெத்தைகள், நாடா கட்டியபடியே இருந்தன.

பஞ்சைத் தாராளமாகத்தான் அடைத்திருந்தார். தரை உறுத்தவே இல்லை.